கடைசித் தாளின் பின்பக்கம்: பிரான்சின் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

பிரான்சில் இயங்கும் தமிழ்ச் சங்கங்களின் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சங்கம் ஒன்றின் ஆண்டுவிழா மண்டப வாசலில் ஒருவர் என்னை மறித்தார். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். கையில் பிரெபெக்சரிலிருந்து, அதாவது வதிவிட அனுமதி கொடுக்கும் மாவட்ட அரச அலுவலகத்திலிருந்து, வந்த கடிதம், நாலாக மடித்து. "தம்பி, இதைக் கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுமன்" என்றார். பல வருடமாக நான் இப்படிக் கடிதம் வாசித்துக் கொடுப்பவன். சட்டம் படித்தவன் அல்ல.

முதல் தாளில் வதிவிட அனுமதி மறுப்பு. அடுத்ததில் நாட்டை விட்டு வெளியேற 30 நாள் அவகாசம். கடைசித் தாளின் பின்பக்கத்தில், எந்த நீதிமன்றத்துக்கு எத்தனை நாளுக்குள் போகலாம் என்று ஒரு பத்தி. நான் எப்போதும் அந்தப் பின்பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பேன். ஒரு மாதக் கெடு. அது முடிந்து பதினொரு நாள் ஆகியிருந்தது.

"இவ்வளவு நாளும் என்ன செய்தீங்கள் அண்ணை?" என்று கேட்டேன். அவர் சும்மா இருக்கவில்லை. தெரிந்த ஒருவருக்குக் காசு கொடுத்து, மனமிரங்கும்படி பிரெபெக்சருக்கு ஒரு கடிதம் எழுதுவித்து, பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்திருக்கிறார். வெளியேறும் உத்தரவோடு வரும் மறுப்புக்கு அப்படிக் கடிதம் எழுதினால் கெடு ஒரு நாள்கூட நீளாது. அது அவருக்குத் தெரியாது. எழுதிக் கொடுத்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியாக அவர் கேட்டார்: "அப்ப நேரா கொன்செய் தெத்தாவுக்குப் போகலாமோ? அதுதானே எல்லாத்திலயும் பெரிசு?"

உள்ளே மேடையில் பரிசளிப்பு நடந்துகொண்டிருந்தது. மண்டபம் நிறைய எங்கள் ஆட்கள். அந்தக் கேள்விக்குச் சரியான பதில் தெரிந்தவர்கள் அவர்களில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். அன்றிலிருந்து இந்த மடல் என் மனதில் இருக்கிறது.

கொன்செய் தெத்தா என்றால் சொல்லுக்குச் சொல் அரச மன்றம். நாம் அதை உச்ச நீதிமன்றம் என்கிறோம், அது பாதிதான் சரி. இந்த நாட்டில் நீதிமன்றங்கள் இரண்டு தனி ஏணிகள். களவு, விவாகரத்து, வீட்டு வாடகை, முதலாளியோடு சம்பளப் பிணக்கு எல்லாம் ஓர் ஏணி; அதன் உச்சி கூர் தெ கசாசியோன். பிரெபெக்சர், நகரசபை, வரி அலுவலகம், அரச மருத்துவமனை என்று எதிர்ப்பக்கத்தில் அரசு நிற்கும் வழக்குகள் பெரும்பாலும் மற்ற ஏணியில் ஏறும். அதன் உச்சிதான் கொன்செய் தெத்தா.

ஏன் இரண்டு? புரட்சிக்காரர்கள் பழைய நீதிபதிகளை நம்பவில்லை. நீதிமன்றங்கள் நிர்வாகத்தின் வேலையில் தலையிடக் கூடாது என்று 1790 ஆகஸ்ட் மாதச் சட்டத்தில் எழுதிவைத்தார்கள். அப்படியானால் அரசு தவறு செய்தால் யாரிடம் முறையிடுவது? 1799 டிசம்பரில் நெப்போலியன் கொண்டுவந்த அரசமைப்பு கொன்செய் தெத்தாவை உண்டாக்கியது. முதலில் அது ஆலோசனை சொல்லும் சபைதான். முடிவு நாட்டுத் தலைவரின் பெயரில் போனது. 1872 மே 24 சட்டத்துக்குப் பிறகுதான் பிரெஞ்சு மக்களின் பெயரால் தானே தீர்ப்புச் சொல்லும் நீதிமன்றமானது. அப்போதும், அரசோடு பிணக்கென்றால் முதலில் அமைச்சரிடமே போய் நிற்க வேண்டும் என்ற பழக்கம் தொடர்ந்தது. 1889 டிசம்பர் 13இல், வேலை பறிபோன மார்செய் நகரசபைப் பொறியியலாளர் ஒருவரின் வழக்கில், அமைச்சரைத் தாண்டி நேரே நீதிபதியிடம் வரலாம் என்று கொன்செய் தெத்தா சொன்னது. கடோ தீர்ப்பு என்று சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். பிரெபெக்சருக்கு இரக்கக் கடிதம் எழுதிவிட்டுக் காத்திருக்கும் எங்கள் ஆட்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தத் தீர்ப்பு நினைவுக்கு வரும். நாங்கள் இன்னும் 1889க்கு முன்னால் நிற்கிறோம்.

சரி, ஏணியின் படிகளுக்கு வருகிறேன். அடியில் 42 நிர்வாக நீதிமன்றங்கள், அவற்றில் 11 கடல்கடந்த பகுதிகளில். நடுவில் 9 மேன்முறையீட்டு மன்றங்கள்; கடைசியாக வந்தது 2022இல் துலூஸில். இந்தப் படிகள் ஒரே நாளில் கட்டப்பட்டவை அல்ல. வழக்குகள் மலைபோலக் குவிந்து கொன்செய் தெத்தா மூச்சுத் திணறியபோது, 1953இல் ஓர் ஆணையால் கீழ்ப்படியை அமைத்தார்கள். மறுபடி திணறியபோது 1987இல் நடுப்படியைச் சட்டமாக்கி, 1989இல் திறந்தார்கள். இன்று கீழ்ப்படிக்கு ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்கு மேல் வழக்குகள் வருகின்றன. ஐந்தில் இரண்டுக்கும் மேல் வெளிநாட்டவர் வழக்குகள். உச்சிக்கு வருபவை சுமார் 10,000தான்.

வாசலில் நின்ற அண்ணனுக்கான பதில் இங்கே இருக்கிறது. கீழ்ப்படியில் கெடுவைத் தவறவிட்டவர், மேலே இருப்பது பெரிது என்பதற்காக அங்கே தாவ முடியாது. சாதாரணமாக நிர்வாக முடிவு ஒன்றை எதிர்க்க இரண்டு மாதம். வெளியேறும் உத்தரவு சேர்ந்திருந்தால் ஒரு மாதம். வீட்டுக் காவல் போன்ற கட்டுப்பாட்டில் வைத்திருந்தால் 7 நாள். தடுப்பு முகாமில் இருந்தால் 48 மணித்தியாலம். பதிவுத் தபாலை எடுக்காமல் விட்டால் தப்பலாம் என்று நினைப்பவர்களும் எங்களில் உண்டு. தபால்காரர் துண்டு விட்டுப்போய், 15 நாளுக்குள் கடிதத்தை எடுக்காவிட்டால், அவர் கதவைத் தட்டிய நாளிலிருந்தே கெடு ஓடத் தொடங்கியதாகக் கணக்கு. வீடு மாறியதை அறிவிக்காமல் பழைய விலாசத்தில் கடிதத்தை இழந்தவர்கள் எத்தனை பேர்!

இன்னொரு கணக்கும் இருக்கிறது. பிரெபெக்சர் பதிலே சொல்லாமல் இருந்தால்? வதிவிட அனுமதி விண்ணப்பத்துக்கு நாலு மாதம் மௌனம் என்றால் அது பெரும்பாலும் மறுப்பு என்றே பொருள். "இன்னும் பதில் வரேல்லை, பாத்துக்கொண்டிருக்கிறன்" என்பவருக்குப் பதில் ஏற்கெனவே வந்துவிட்டது, தாளில்லாமல்.

அப்புறம், கொன்செய் தெத்தா தொடர்பாக எங்கள் ஆட்களிடம் இருக்கும் மிகப் பெரிய தவறான நம்பிக்கை. இதைச் சொல்வதற்காகத்தான் முக்கியமாக இந்த மடலை எழுதுகிறேன்.

அகதி விண்ணப்பம், அதை முதலில் பரிசீலிக்கும் அரச அலுவலகமான ஒப்ப்ராவில் நிராகரிக்கப்பட்டால் மொந்த்ரேயில் உள்ள அகதிகளுக்கான தேசிய மேன்முறையீட்டு மன்றத்துக்கு, நாங்கள் சி.என்.டி.ஏ. என்று சொல்வதற்கு, ஒரு மாதத்துக்குள் போகிறோம். அங்கே கதை முழுவதும் மறுபடி கேட்கப்படும். புதிய ஆதாரம் கொடுக்கலாம். நீதிபதிகள் முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்பார்கள். அங்கும் நிராகரித்தால், "இன்னும் கொன்செய் தெத்தா இருக்கு, ரெண்டு மாதம் இருக்கு" என்று சொல்லிப் பணம் வாங்குபவர்கள் வருகிறார்கள். வழி இருப்பது உண்மை. ஆனால் அது கதை சொல்லும் இடம் அல்ல. நீங்கள் சித்திரவதைக்கு உள்ளானீர்களா என்று கொன்செய் தெத்தா மறுபடி விசாரிக்காது. கீழே தீர்ப்புச் சொன்னவர்கள் சட்டத்தைச் சரியாகப் பிரயோகித்தார்களா, விசாரணை முறை தவறியதா, தாளில் இருப்பதற்கு நேர்மாறாக வாசித்தார்களா, காரணம் சொன்னார்களா, இவ்வளவுதான் அங்கே பார்ப்பது. புதிதாக ஊரிலிருந்து வந்த கடிதத்தை அங்கே நீட்டிப் பயனில்லை. வழக்குப் போட்டாலே வெளியேற்றம் நிற்கும் என்பதும் தவறு, தானாக நிற்காது.

அதிலும் முதலில் ஒரு வடிகட்டி இருக்கிறது. வாதங்களில் ஒன்றுகூடக் கனமானதாக இல்லையென்றால் வழக்கை உள்ளே எடுக்கவே மாட்டார்கள். சில வரிகளில் முடிந்துவிடும். அப்படி ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "இவ்வளவுதானா எழுதியிருக்கினம்?" என்று என்னைக் கேட்ட பெண் ஒருவரின் முகம் இன்னும் மறக்கவில்லை. அவர் நகை அடகு வைத்துக் கட்டிய காசு அது. அங்கே வழக்காட எல்லாச் சட்டத்தரணிகளுக்கும் உரிமை இல்லை. அதற்கென்று 1817இல் அமைந்த தனிச் சட்டத்தரணிகள் சங்கம் ஒன்று இருக்கிறது. நூற்றுச் சொச்சம் பேர். இந்த மன்றத்திலும் கூர் தெ கசாசியோனிலும் வழக்காடுவது அவர்கள் உரிமை. இந்த மாதிரி வழக்குக்கு அவர்களில் ஒருவர் கட்டாயம். வருமானம் குறைந்தவர்கள் அரச சட்ட உதவி கேட்கலாம். அந்த உதவிப் பிரிவு முதலில் வழக்கில் கனம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் கொடுக்கும். ஒரு விதத்தில் அது நல்லது. காசு போவதற்கு முன் நேர்மையான ஓர் அபிப்பிராயம் கிடைக்கும். அதைக் கேட்கச் சொல்லி எங்கள் ஆட்களுக்கு யாராவது சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

நான் ஒருமுறை அங்கே போய் உட்கார்ந்திருக்கிறேன். பலே ரோயல் மெட்ரோவில் இறங்கினால் கண்முன்னே நிற்கும் பழைய மாளிகை. முன்பிருந்த ஓர்சே மாளிகை 1871 பாரிஸ் கொம்யூன் கிளர்ச்சியின்போது எரிந்துபோக, 1875இலிருந்து இங்கே இருக்கிறது. அமர்வுகள் பொதுவில் நடப்பவை, யாரும் போகலாம். உள்ளே யாரும் சத்தம் போடவில்லை, சாட்சிக் கூண்டு இல்லை. எல்லாம் முன்பே எழுத்தில் போய்விட்டதால் சட்டத்தரணிகள் பெரும்பாலும் "எழுத்தில் சொன்னதே எங்கள் வாதம்" என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். ஒருவர் மட்டும் எழுந்து நின்று நீண்ட நேரம் வாசித்தார். ரப்போர்த்தர் பியூப்ளிக் என்பார்கள். அவரும் அந்த மன்றத்து உறுப்பினர். ஆனால் அரசுக்காகவும் பேசுவதில்லை, மனுதாரருக்காகவும் பேசுவதில்லை. இந்த வழக்கை எப்படித் தீர்க்க வேண்டும் என்று தன் மனச்சாட்சிப்படி எல்லோர் முன்னிலும் சொல்வார். தீர்ப்பில் அவருக்கு வாக்கு இல்லை. 2009 வரை அவர் பதவியின் பெயர் அரசாங்க ஆணையாளர். பெயரைக் கேட்டு எத்தனை பேர் அவரை அரசின் ஆள் என்று நினைத்திருப்பார்கள்! ஸ்ட்ராஸ்பூர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், அவர் நீதிபதிகளோடு மூடிய அறைக்குள் போய் உட்காருவதை 2001இல் தவறென்று சொன்னது. அதன் பின் விதிகள் மாறின. இன்று அவர் பேசி முடித்ததும் சட்டத்தரணி எழுந்து பதில் சொல்லலாம். அறைக்குள் அவர் வரக் கூடாது என்றும் கேட்கலாம்.

கொன்செய் தெத்தாவின் உள்ளமைப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நடத்துபவர் துணைத் தலைவர். தலைவர் என்று தனியாக ஒருவர் கிடையாது. பிரிவுகள் ஏழு. ஒன்று வழக்குகளுக்கு, அதற்குள் பத்துக் கிளைகள். ஒன்று ஆய்வுக்கு. மற்ற ஐந்தும் அரசாங்கத்துக்கு ஆலோசனை சொல்பவை: சட்ட மூலங்கள் அமைச்சரவைக்குப் போகுமுன்னும், முக்கியமான ஆணைகள் வெளியாகுமுன்னும் இங்கே வந்து போக வேண்டும். வழக்கு எளிது என்றால் ஒரு கிளை முடிக்கும். கடினமென்றால் இரண்டு கிளை சேர்ந்து உட்காரும். அதற்கும் மேலே முழுப் பிரிவு, மிகப் பெரியவற்றுக்குப் பேரமர்வு.

ஆலோசனையும் தீர்ப்பும் ஒரே கூரையின் கீழ் நடப்பது எனக்கும் நெருடும். அரசுக்கு யோசனை சொன்ன வீடே அரசை விசாரிப்பதா? லக்சம்பர்க் நாட்டின் இதே மாதிரியான சபையை 1995இல் ஸ்ட்ராஸ்பூர்க் கண்டித்தது. பிரான்சில் 2008இல், ஒரு விடயத்தில் ஆலோசனை சொன்னவர் அதே விடயத்தில் தீர்ப்புச் சொல்ல உட்காரக் கூடாது என்பது எழுத்தில் வந்தது. அது போதுமா என்று கேட்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் "அரசின் வீடு, அரசுக்குத்தான் தீர்க்கும்" என்று சொல்லி எங்கள் ஆட்கள் முதல் படியிலேயே திரும்பிவிடுகிறார்களே, அதற்கு வரலாறு வேறு பதில் சொல்கிறது.

1962 ஒக்டோபர் 19. அல்ஜீரியப் போரின் கடைசியில், அன்றைய ஜனாதிபதி டு கோல் தனி ஆணையால் அமைத்த இராணுவ நீதிமன்றம் கனால் என்பவருக்கு மரண தண்டனை விதித்திருந்தது. மேன்முறையீடே கிடையாது. கொன்செய் தெத்தா அந்த ஆணையையே இரத்துச் செய்தது. டு கோல் கொதித்துப்போனார். அடுத்த வருடம் மன்றத்தையே மாற்றியமைத்தார். 

எங்களுக்கு இன்னும் நெருக்கமானது 1978 டிசம்பர் 8. அதற்கு முந்தைய ஆண்டு நவம்பரில், வெளிநாட்டுத் தொழிலாளர்கள் குடும்பத்தைக் கூப்பிடுவதை மூன்று வருடம் நிறுத்தும் ஆணை ஒன்று வந்தது. இங்கே வந்து வேலை தேட மாட்டோம் என்பவர்களுக்கு மட்டும் விலக்கு. வெளிநாட்டவருக்கு உதவும் ஜிஸ்தி என்ற சங்கமும் தொழிற்சங்கங்களும் வழக்குப் போட்டன. வெளிநாட்டவருக்கும் இயல்பான குடும்ப வாழ்வு வாழும் உரிமை உண்டு என்று சொல்லி, கொன்செய் தெத்தா ஆணையை இரத்துச் செய்தது. மனைவியையும் பிள்ளைகளையும் கூப்பிட்டு இங்கே குடும்பமாக வாழ்கிறோமே, அந்த வாழ்வுக்குப் பின்னால் இப்படி ஒரு தீர்ப்பு இருக்கிறது. அதைக் கொண்டுவந்தவை சங்கங்கள். இதை நீங்கள் ஒருமுறை நிறுத்தி யோசிக்க வேண்டும் என்று கேட்கிறேன்.

அண்மையில் நடந்தவை இன்னும் உபயோகமானவை. பிரெபெக்சர் இணையத்தில் நேரம் கொடுக்காமல் மாதக்கணக்கில் அலைக்கழிப்பது எல்லோருக்கும் தெரிந்த துன்பம். 2020 ஜூன் 10இல் கொன்செய் தெத்தா, பல தடவை, வெவ்வேறு வாரங்களில் முயன்றும் நேரம் கிடைக்காதவருக்கு, அதை உரிய காலத்துக்குள் கொடுக்கும்படி அவசர நீதிபதி பிரெபெக்சருக்கு உத்தரவிடலாம் என்றது. அதற்குச் சான்று வேண்டும்: ஒவ்வொரு முயற்சியின்போதும் திரையைப் படம் பிடித்து, தேதியோடு வைத்திருக்க வேண்டும். 2022 ஜூன் 3இல் இன்னொரு தீர்ப்பு: வதிவிட விண்ணப்பத்தை இணையத்தில் மட்டும்தான் செய்ய வேண்டுமென்று அரசு சொல்லலாம், ஆனால் முடியாதவருக்கு உதவியும், அதுவும் பலிக்காவிட்டால் வேறு வழியும் கொடுத்தாக வேண்டும். இந்த இரண்டையும் அறிந்தவர்களை எங்கள் மண்டபங்களில் நான் அநேகமாகச் சந்தித்ததே இல்லை.

அவசர வழக்கு என்பதும் 2001 ஜனவரியிலிருந்துதான் இன்றைய வடிவில் இருக்கிறது. அடிப்படைச் சுதந்திரம் ஒன்று கண்கூடாகப் பறிபோனால் நீதிபதி 48 மணித்தியாலத்துக்குள் தீர்க்க வேண்டும். வடக்கே கலே துறைமுக நகரில் கூடாரங்களில் கிடந்த அகதிகளுக்குத் தண்ணீர்க் குழாய் போடச் சொல்லி உத்தரவிட்டது இந்த வழியில்தான். 2015இலும் 2017இலும் கீழே வந்த உத்தரவை கொன்செய் தெத்தா உறுதி செய்தது.

அரசோடு வழக்குக்குப் போனால் கோப்பில் கரும்புள்ளி விழும், அடுத்த விசா வராது என்று எங்கள் ஆட்கள் பயப்படுகிறார்கள். நாங்கள் விட்டுவந்த நாட்டில் அரசோடு மோதியவருக்கு என்ன நடந்தது என்று எங்களுக்குத் தெரியும். அந்தப் பயம் எலும்பில் ஊறியது, அதைச் சிரித்துத் தள்ள என்னால் முடியாது. ஆனால் இங்கே பிரெபெக்சரின் சட்டத்தரணிக்கு அது அன்றாட அலுவல். வாரந்தோறும் எத்தனையோ வழக்கு. தாளோடு தாள் மோதுகிறது, அவ்வளவுதான்.

எனவே சங்கத்தாரே, என் கோரிக்கை இதுதான். உங்கள் மண்டபங்களில் வாரத்துக்கு ஒரு மாலை, கடிதம் வாசிக்கும் மேசை ஒன்று போடுங்கள். சட்ட ஆலோசனை சொல்ல வேண்டாம், அது எங்கள் வேலையும் அல்ல. கடைசித் தாளின் பின்பக்கத்தை வாசித்து, கெடு எந்தத் தேதியில் முடிகிறது என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். எந்த நீதிமன்றம், சட்ட உதவி விண்ணப்பம் எங்கே, இவ்வளவும் போதும். குடியுரிமை மறுப்பென்றால் முதலில் அமைச்சருக்கு, பிறகுதான் நாந்த் நீதிமன்றத்துக்கு. ஊரிலிருந்து வரவேண்டியவரின் நீண்டகால விசா மறுப்பென்றால் 30 நாளுக்குள் நாந்தில் உள்ள விசா ஆணைக்குழுவுக்கு என்று ஒரு தாளில் தமிழில் அச்சடித்துச் சுவரில் ஒட்டுங்கள். இங்கே பிறந்து சட்டம் படிக்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களை மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்துவதோடு விடாமல், அந்த மேசையில் உட்காரக் கேளுங்கள். அவர்களையும் பெற்றோரையும் ஒருநாள் பலே ரோயலுக்குக் கூட்டிப் போங்கள். 2019இலிருந்து அங்கே தீர்ப்பை நேரடி நடையில் எழுதுகிறார்கள். அதற்கு முன் முழுத் தீர்ப்பும் ஒரே வாக்கியமாக, முற்றுப்புள்ளி கடைசியில் மட்டும் விழும். இப்போது ஒரு நல்ல மாணவரால் வாசித்துத் தமிழில் சொல்ல முடியும். 2021 செப்டம்பரிலிருந்து தீர்ப்புகள் இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கின்றன. குடும்ப இணைவும் பிரெபெக்சர் நேரமும் பற்றிய ஐந்தாறு தீர்ப்பையாவது உங்கள் ஆண்டு மலர்களில் தமிழில் போடுங்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன். கடிதம் எழுதிக் கொடுத்துக் காசு வாங்குபவர்கள் உங்கள் விழாக்களுக்கு விளம்பரம் தருகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். மலரின் உள்ளட்டையில் அவர்கள் படம் வருகிறது. எல்லோரும் ஏமாற்றுபவர்கள் அல்ல. ஆனால் கெடுவைச் சொல்லாமல் இரக்கக் கடிதம் விற்பவரின் படத்துக்குக் கீழே உங்கள் சங்கத்தின் பெயர் இருந்தால், வாசலில் நின்ற அந்த அண்ணன் அதை நம்பித்தான் போயிருப்பார். அவருடைய கோப்பை இப்போது ஒரு சட்டத்தரணி பார்க்கிறார். புதிதாக விண்ணப்பிக்க ஏதாவது வழி இருக்கிறதா என்று தேடுகிறார்கள்.

ஞாயிறு பின்னேரம் 3 மணியிலிருந்து 6 மணி வரை எனக்கு நேரம் இருக்கிறது. ஒரு மேசையும் இரண்டு கதிரையும் ஒரு நாட்காட்டியும் தரும் எந்தச் சங்கத்துக்கும் அடுத்த கிழமையே வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் மண்டபத்து வாசலில் கடிதம் வாசிப்பவன்